தெரிந்துகொள்ளாத குற்றம்

1971 ஜூன் 27 அன்று, மேற்கு ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரச் சிறையில், அறுபத்து மூன்று வயதான ஒரு கைதி தம் மனசாட்சி தெளிவாக இருப்பதாகச் சொன்னார். எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் கிட்டா செரெனி என்ற பத்திரிகையாளர். கைதியின் பெயர் ஃப்ரான்ஸ் ஷ்டாங்கல். ஆஸ்திரியர். நாஜிகள் போலந்து மண்ணில் அமைத்த சோபிபோர், ட்ரெப்லிங்கா என்னும் இரண்டு கொலை முகாம்களுக்கு அடுத்தடுத்துத் தளபதியாக இருந்தவர். ட்ரெப்லிங்காவில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த முகாமின் பெரும்பகுதிக் காலம் நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது.

தாமாக விரும்பி யாரையும் துன்புறுத்தியதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அதற்குப் பிறகு நெடுநேரம் பேச்சில்லை. பின்னர், தாம் அங்கே இருந்தது உண்மைதான், குற்றத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று தட்டுத்தடுமாறி ஒப்புக்கொண்டார். மறுநாள் மாரடைப்பில் இறந்துபோனார். பல வாரங்கள் நீண்ட அந்த உரையாடலைச் செரெனி பின்னர் நூலாக்கினார். மனசாட்சியைப் பற்றி நான் படித்த எந்த இறையியல் நூலும் என்னை அந்த நூல் அளவுக்குக் கலங்கடித்ததில்லை.

ஷ்டாங்கல் தமக்குத் தாமே ஒரு வாதத்தைக் கட்டி வைத்திருந்தார். காவல் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஒரு பாடம் நடத்தியிருந்தார்கள். செய்பவர், செய்யப்படுபவர், செயல், நோக்கம் என நான்கும் சேர்ந்தால்தான் குற்றம். ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை. அதை அவர் ட்ரெப்லிங்காவுக்குப் பொருத்திப் பார்த்தார். செய்தது அரசு. செய்யப்பட்டவர்கள் யூதர்கள். செயல் நச்சுப்புகை. நான்காவது தம்மிடம் இல்லை என்றார். அந்த நான்காவதற்கு அவர் வைத்திருந்த பெயர் தன் விருப்பம், சுதந்திரம். தமக்குச் சுதந்திரம் இல்லாததால் குற்றமும் இல்லை என்பது அவர் கணக்கு.

இவர் கத்தோலிக்கராக வளர்ந்தவர். மேல் ஆஸ்திரியாவின் ஆல்ட்மூன்ஸ்டர் என்னும் ஊரில் 1908இல் பிறந்து, நெசவு கற்று, பிறகு காவல்துறையில் சேர்ந்தவர். மனைவி பக்தியுள்ள பெண்.

அதே மேல் ஆஸ்திரியாவில், அதற்கு ஓராண்டு முன்பு, 1907 மே 20 அன்று, சாங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் இன்னொரு ஃப்ரான்ஸ் பிறந்தார். ஏழைப் பண்ணைப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. பெற்ற தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். தாயை மணந்த விவசாயி தத்தெடுத்துத் தம் குடும்பப் பெயரைக் கொடுத்தார். அப்படித்தான் அவர் ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் ஆனார். ட்ரெப்லிங்கா கைதிகள் ஷ்டாங்கலின் முகாமுக்குத் தீவைத்துக் கிளர்ந்தெழுந்தது 1943 ஆகஸ்ட் 2 அன்று. அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, பிராண்டன்பர்க் சிறையில் யேகர்ஸ்டேட்டரின் தலை வெட்டப்பட்டது. ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்த மறுத்ததுதான் அவர் செய்த குற்றம்.

ஒரே மாநிலம், ஒரே தலைமுறை, ஒரே மறைக்கல்வி. இருவருக்கும் பெரிய படிப்பு கிடையாது. அப்படியிருந்தும் ஒருவருக்குச் சுதந்திரமே இல்லாமல் போனதும், இன்னொருவர் விலங்கு பூட்டிய கையோடு தம் சித்தம் கட்டுப்படவில்லை என்ற பொருளில் எழுதியதும் எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் மனசாட்சியைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

சுதந்திரம் என்றவுடன் நம் மனத்துக்கு வருவது தேர்ந்தெடுக்கும் வசதி. இதுவா அதுவா என்று முன்னால் இரண்டு வழிகள் கிடந்தால் நாம் சுதந்திரமானவர்கள். ஒரே வழிதான் இருந்தால் அடிமைகள். கத்தோலிக்க ஒழுக்கவியலில் இதைவிடப் பழைய, ஆழமான ஒரு பார்வை உண்டு. செர்வே பின்காயர்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு டொமினிக்கன் துறவி இருபதாம் நூற்றாண்டில் அதை மீண்டும் எடுத்து விளக்கினார். நன்மையைச் செய்யும் ஆற்றலே சுதந்திரம் என்கிறது இந்தப் பார்வை. அந்த ஆற்றல் யாருக்கும் முழுமையாகப் பிறப்பிலேயே வருவதில்லை. செய்யச் செய்ய வளரும். செய்யாமல் விட்டால் தேயும். இசைக்கருவியைப் பழகாதவனுக்கு எந்தக் கட்டையை வேண்டுமானாலும் அழுத்தும் உரிமை உண்டு, ஆனால் ஒரு பாட்டை வாசிக்கும் சுதந்திரம் இல்லை.

ஷ்டாங்கலின் வாழ்க்கையை இந்த விளக்கத்தோடு வைத்துப் பார்த்தால், அவருடைய சுதந்திரத்தை யாரும் ஒரே நாளில் பறித்துவிடவில்லை என்பது தெரியும். ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிய பின், திருச்சபையோடு இனி உறவில்லை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். வேலை போய்விடுமே என்று போட்டார். 1940இல் லின்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஹார்ட்ஹைம் மாளிகைக்கு அனுப்பினார்கள். மனநோயாளிகளையும் உடல் ஊனமுற்றோரையும் நச்சுப்புகையால் கொன்ற இடம் அது. சுமார் 30,000 பேர் அங்கே மாண்டார்கள். அங்கே அவர் வேலை காகிதங்களைச் சரிபார்ப்பது. அதையும் செய்தார். ஒரு காப்பகத்தில் இருந்த துறவியும் குருவுமே இத்தகைய கொலையை ஏற்றுப் பேசியதாகவும், அவர்களே ஏற்கும்போது சந்தேகப்படத் தாம் யார் என்று எண்ணியதாகவும் செரெனியிடம் அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பவம் அவர் சொன்னபடியே நடந்ததோ என்னவோ. அதை ஒரு போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டார் என்பது மட்டும் அவர் வாயாலேயே தெரிகிறது. ட்ரெப்லிங்காவின் வாசலுக்கு வந்தபோது அவரிடம் மறுக்கும் வலு மிச்சமில்லை. அந்த வலுவைச் சிறுகச் சிறுகச் செலவழித்தவர் அவரேதான். ஆகவே அன்று சுதந்திரம் இல்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், இல்லாமல் ஆக்கிக்கொண்ட பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது.

யேகர்ஸ்டேட்டரும் பிறவிப் புனிதர் அல்லர். இளமையில் முரட்டுப் பேர்வழி. சில ஆண்டுகள் ஐசனெர்ட்ஸ் இரும்புச் சுரங்கத்தில் கூலிவேலை செய்துவிட்டு, மோட்டார் சைக்கிளோடு ஊர் திரும்பினார். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானார். 1936இல், பெரிய வியாழனன்று, ஃப்ரான்சிஸ்காவை மணந்தார். அந்த மணவாழ்க்கைதான் அவரது விசுவாசத்தை ஆழப்படுத்தியது என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். இருவரும் சேர்ந்து விவிலியம் வாசித்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1938 ஏப்ரல் 10 அன்று ஆஸ்திரிய இணைப்பை உறுதிசெய்யப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆஸ்திரிய ஆயர்களே இணைப்புக்கு ஆதரவான அறிக்கை வெளியிட்டிருந்த நேரம். யேகர்ஸ்டேட்டர் எதிர்த்து வாக்களித்தார். ஊரின் முடிவு ஒருமனதான ஆதரவு என்று அறிவிக்கப்பட்டது. அவர் போட்ட வாக்கை மறைத்துவிட்டார்கள். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் மாவட்டத்திலேயே உள்ள ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது. அரசு கொடுத்த குடும்ப உதவித்தொகையையும் அவர் வாங்கவில்லை. புயலில் பயிர் சேதமானதற்கு வந்த நிவாரணத்தையும் தொடவில்லை. கட்சிக்கென்று நடந்த வசூலில் காசு போடவில்லை. ஊரார் கண்ணுக்கு இவையெல்லாம் வீண் பிடிவாதம். எனக்கு, மறுக்கும் வலுவை அவர் வளர்த்துக்கொண்ட பயிற்சியாகத் தெரிகின்றன.

ஒரு விவரத்தை அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் சில சமயம் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 1940இல் படைக்கு அழைத்தபோது அவர் போனார். ஹிட்லருக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழியும் எடுத்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சில மாதங்கள் பயிற்சியில் கழிந்தன. விவசாய வேலையைக் காரணம் காட்டி ஊர்த்தலைவர் அவரை மீட்டுக்கொண்டு வந்தார். அந்த மாதங்களில் கண்ணால் பார்த்ததும், மனநோயாளிகள் கொல்லப்படுவது பற்றி அறிந்ததும் சேர்ந்துதான் இனி இந்தப் படைக்குத் திரும்புவதில்லை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தன. மனசாட்சி திடீரென்று வானத்திலிருந்து இறங்கிய குரலாக இருந்திருந்தால் 1940இலேயே மறுத்திருப்பார். பார்த்தார், விசாரித்தார், வாசித்தார், ஜெபித்தார், அதன் பிறகு தெளிந்தார்.

விசாரித்தார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் நடப்பது கடவுள் மறுப்பாளர்களுக்கு எதிரான புனிதப் போர் என்று அன்று பிரசாரம் நடந்தது. பல கத்தோலிக்கர்கள் நம்பினார்கள். அப்படியானால் அந்த நாட்டின் எண்ணெயும் கனிமமும் விளைநிலமும் எதற்கு என்ற கேள்வியைத் தம் குறிப்பேட்டில் அவர் எழுப்பினார். ஊர்ப்பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட விவசாயி கேட்ட இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பலர் கேட்கவில்லை. தகவல் அவர்களிடம் குறைவாக இருந்ததால் அல்ல. விடை தெரிந்தால் என்ன செய்ய வேண்டிவரும் என்ற பயம் தடுத்தது.

அவர் தம் பங்கின் கோவில்பிள்ளையாகவும் இருந்தார். மணி அடித்து, பீடம் ஒழுங்குசெய்து, தினமும் நற்கருணை வாங்கிய மனிதர். ஆகவே தனக்குத் தோன்றியதே சரி என்று இருந்துவிடவில்லை. பங்குத்தந்தையரைக் கேட்டார். கடைசியில் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு லின்ஸ் மறைமாவட்டத் தலைவர் யோசஃப் ஃப்ளீசரையே பார்க்கப் போனார். இதற்கு முன் அங்கே ஆயராக இருந்த கிஃபோல்னர், நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான நாஜியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று 1933 ஜனவரியில் சுற்றுமடல் எழுதியவர். அந்த மடல் யேகர்ஸ்டேட்டருக்கு நன்றாகத் தெரியும்.

ஃப்ளீசர் தந்த அறிவுரை வேறு. போர் நியாயமா என்று தீர்மானிப்பது ஒரு சாதாரணக் குடிமகனின் பொறுப்பல்ல. உன் பொறுப்பு உன் குடும்பம். வெளியே காத்திருந்த மனைவியிடம் யேகர்ஸ்டேட்டர் சோர்ந்த முகத்தோடு வந்தார். வாய்திறந்தால் தங்களுக்கும் ஆபத்து என்று அவர்கள் அஞ்சுகிறார்கள் என்பதுதான் அவருக்குப் புரிந்தது. அதற்காக ஆயர் மீது அவர் கசப்பு கொள்ளவில்லை. நாமும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அன்று குருக்கள் கைதாகிக்கொண்டிருந்தார்கள்; அந்தப் பங்கின் முந்தைய குருவான யோசஃப் காரோபாத்தே சிறை போனவர். முன்பின் அறியாத ஒருவர் வந்து, படையில் சேர மறுக்கலாமா என்று கேட்டால், உளவாளியோ என்று சந்தேகம் எழாதா?

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த அறிவுரை தவறு என்றே சொல்வேன். பொறுப்பை மேலே தள்ளிவிடலாம் என்று அது கற்பித்தது. ஷ்டாங்கல் தம்மைக் காத்துக்கொள்ளக் கட்டிய சுவருக்கும் இதற்கும் அடித்தளம் ஒன்றே. ஆயர் கொலைகாரர் அல்லர், நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். ஆனாலும் அரசு தீர்மானிக்கட்டும், நீ கீழ்ப்படி என்ற வாக்கியம் நல்லவர் வாயிலிருந்து வரும்போது அதற்கு வலிமை கூடுகிறது.

போருக்குப் பின்னும் ஃப்ளீசர் மனம் மாறவில்லை. யேகர்ஸ்டேட்டரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட அவர் விடவில்லை. நல்லெண்ணத்தோடு பிழைபட்ட மனசாட்சி என்பது அவர் மதிப்பீடு; கடமையைச் செய்யப் போர்முனைக்குப் போய் மாண்ட இளைஞர்களே பெரிய வீரர்கள் என்று கருதினார். இங்கேதான் புனித தோமா அக்குவினாவை நினைக்க வேண்டியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்தச் சிக்கலை அவர் நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். பிழைபட்ட மனசாட்சியும் மனிதனைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்பது அவர் பதில். கிறிஸ்துவை விசுவசிப்பது நல்லது. ஆனால் ஒருவனுடைய அறிவு அதைத் தீமை என்று உண்மையாகவே காட்டும்போது, அதை மீறி விசுவசித்தால் அவன் பாவம் செய்கிறான் என்று எழுதும் துணிவு அந்தத் துறவிக்கு இருந்தது. ஆகவே ஆயரின் மதிப்பீட்டையே ஏற்றாலும் யேகர்ஸ்டேட்டருக்கு வேறு வழி கிடையாது. தீமை என்று தெளிந்ததை அவர் செய்திருந்தால் அதுவே பாவமாகியிருக்கும்.

ஆனால் தோமா அதோடு நிறுத்தவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார். பிழைபட்ட மனசாட்சிப்படி நடந்தவன் குற்றமற்றவனா? எப்போதும் அல்ல. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதால் வந்த பிழை என்றால், அறியாமை அவனைக் காப்பாற்றாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நம் காலம் வசதியாக மறந்துவிட்டது. மனசாட்சிப்படி நடந்தேன் என்று சொன்னால் போதும், விவாதம் முடிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனசாட்சியை மனிதனின் மிக அந்தரங்கமான திருத்தலம் போல மதித்துப் பேசுகிறது. உடனேயே, உண்மையையும் நன்மையையும் தேடுவதில் அக்கறையற்றவனின் மனசாட்சி பாவப் பழக்கத்தால் மெல்லக் குருடாகிவிடும் என்றும் எச்சரிக்கிறது.

1991இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆயர்களுக்கு ஆற்றிய உரையில் கர்தினால் ராட்சிங்கர் தம் ஆசிரியப் பணிக்கால அனுபவம் ஒன்றை நினைவுகூர்ந்தார். முழு நம்பிக்கையோடு கொடுமை செய்த நாஜிப் படையினர், தங்கள் மனசாட்சிப்படி நடந்ததால் விண்ணகத்தில்தான் இருப்பார்கள் என்று ஒருவர் வாதிட்டாராம். தர்க்கப்படி அது சரிபோலத் தோன்றியது. எங்கோ அடியோடு தவறு என்றும் தோன்றியது. ராட்சிங்கர் கண்ட விடை இது. நம்பியபடி நடந்தது குற்றமாக இல்லாமல் இருக்கலாம். உள்ளே எழுந்த எதிர்ப்பை அமுக்கி அமுக்கிக் காதடைத்துப் போனது குற்றம். குற்ற உணர்வே எழாத நெஞ்சம் நலமான நெஞ்சமல்ல, நோயுற்ற நெஞ்சம். கோவிலில் பின்னால் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவரை இயேசு உயர்த்திப் பேசியதும், முன்னால் நின்று நிம்மதியாக நன்றி சொன்ன பரிசேயரைத் தாழ்த்தியதும் இதனால்தான்.

மன நிம்மதி மனசாட்சி தூய்மையாக இருப்பதற்குச் சான்றாகாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றே. ஷ்டாங்கல் பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தார். போருக்குப் பின் ரோமில் ஓர் ஆஸ்திரிய ஆயரின் உதவியோடு தப்பி, சிரியா போய், பிரேசிலில் குடியேறி, 1967இல் கைதாகும்வரை சாதாரணத் தொழிலாளியாக வாழ்ந்தார். யேகர்ஸ்டேட்டருக்கு நிம்மதி இல்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் தம்மையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரைத் துளைத்த பெரிய கேள்வி, நம்மையும் துளைக்க வேண்டிய கேள்வி, குடும்பம். 1943 மார்ச் 1 அன்று என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போய்த் தம்மால் ஆயுதம் ஏந்த முடியாது என்றார், மறுநாள் கைதானார். மருத்துவ உதவியாளராகப் பணியாற்ற முன்வந்தார், ஏற்கவில்லை. லின்ஸ் சிறை, பிறகு பெர்லினின் டேகல் சிறை. ஜூலை 6 அன்று இராணுவ உயர்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மனம் மாறிவிடுவார் என்ற நம்பிக்கையில் வழக்கறிஞர் மனைவியையும் பங்குத்தந்தையையும் வரவழைத்தார். அவர் மாறவில்லை. மூத்த மகளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை, கடைக்குட்டிக்கு மூன்று. பெற்ற தாய், மகனின் முடிவை ஏற்காமல் கடைசிவரை அழுதார்.

மூன்று குழந்தைகளை அநாதையாக்கிவிட்டுப் போகும் உரிமை ஒரு தந்தைக்கு உண்டா? இல்லை என்று சொல்பவர்களை நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். போர்முனைக்குப் போன ஒவ்வொரு தந்தையும் குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் போனார், அதை யாரும் பொறுப்பின்மை என்று சொல்லவில்லை என்ற எதிர்வாதமும் வலுவானது. குடும்பத்துக்காக உயிரைக் காப்பது கடமை. குடும்பத்துக்காக ஊரார் குழந்தைகளின் உயிரை எடுக்கும் படையில் சேர்வது கடமையாகாது. மனைவி மக்கள் இருப்பதால் பொய் ஆணையிட அனுமதி வந்துவிடாது என்பதில் யேகர்ஸ்டேட்டர் உறுதியாக இருந்தார். இந்த விஷயத்தில் எனக்கு ஃப்ரான்சிஸ்காவின் சாட்சியமே பெரிது. முதலில் அவரும் கணவரைத் தடுத்துப் பார்த்தார். எல்லாரும் எதிராக நின்றதைக் கண்டபின், தானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று அவர் பக்கம் போய் நின்றார். கணவரைத் தூண்டிவிட்டது நீதான் என்று ஊர் அவரைப் பல ஆண்டுகள் தூற்றியது. கைம்பெண்ணுக்கான உதவித்தொகை 1950வரை அவருக்கு மறுக்கப்பட்டது. நிலத்தை உழுது, மாமியாரைப் பார்த்துக்கொண்டு, மூன்று பெண்களையும் ஆளாக்கினார். கணவரின் மனசாட்சிக்கு விலை கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அந்த விலையை மறைத்துவிட்டு வீரம் பாடுவது நேர்மையல்ல.

தங்களுடைய மனசாட்சியைச் சொல்லிக்கொண்டு அடுத்தவருக்கு மட்டும் விலை வைக்கும் ஆட்களை நாம் தினமும் பார்க்கிறோம். யேகர்ஸ்டேட்டரிடம் அது இல்லை. படைக்குப் போனவர்களை அவர் பாவிகள் என்று சொல்லவில்லை. கடவுள் தமக்குத் தந்த தெளிவை அவர்களுக்கும் தந்தாரா என்பது தமக்குத் தெரியாது என்ற அடக்கம் இருந்தது. செய்யக்கூடியது எதுவோ அதைச் செய்ய முன்வந்தார், கூடாததை மட்டும் மறுத்தார். கைதான பிறகு, படைப்பணி உறுதிமொழியை மறுத்த ஃப்ரான்ஸ் ரைனிஷ் என்ற குரு முந்தைய ஆண்டு அதே காரணத்துக்காகக் கொல்லப்பட்டதைச் சிறைக் குரு ஒருவர் சொல்ல, அவருக்கு ஆறுதல் கிடைத்தது. தாம் தனியாளில்லை என்பது கடைசி வாரங்களில்தான் தெரிந்தது. சாகும் நாளிலும் கையெழுத்திட்டால் பிழைக்கலாம் என்ற காகிதம் மேசைமேல் கிடந்ததாகச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சாங்க்ட் ராடெகுண்டிலேயே புதைந்து போயிருக்கும். கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஹிட்லர் காலத்து ஜெர்மானியக் கத்தோலிக்கரைப் பற்றி ஆராயப் போய் இவரைக் கண்டெடுத்து, 1964இல் நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, வத்திக்கான் சங்கத்தின் இறுதி அமர்வில், போரைப் பற்றிய விவாதத்துக்கு இவர் கதையை எழுத்துவடிவில் கொண்டுசென்றவர் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். இந்தியர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பம்பாய்ப் பேராயராக இருந்து, இந்திய மண்ணுக்கு இந்தியரே ஆயராக வேண்டும் என்று 1950இல் வலேரியன் கிராசியாஸுக்கு வழிவிட்டு விலகியவர் அவர். 1965 டிசம்பர் 7 அன்று வெளியான சங்க ஏடு, கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்றது. மனசாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்தோடு இடம்தர வேண்டும் என்றது. அதே நாளில் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையும் வெளியானது. பிழைபட்ட மனசாட்சி என்று ஆயர் ஒதுக்கிய மனிதரை 2007 அக்டோபர் 26 அன்று அதே லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அருளாளராக உயர்த்தியது. அப்போது திருத்தந்தையாக இருந்தவர் ராட்சிங்கர். தொண்ணூற்று நான்கு வயது ஃப்ரான்சிஸ்கா அங்கே இருந்தார்.

ஹிட்லரின் படை நம்மை அழைக்கப் போவதில்லை என்று இந்தக் கதையை மூடிவைத்துவிடலாம். எனக்கு அது முடியவில்லை. சிறுவயதில் எங்களுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பொய் சொன்னேனா, திருடினேனா, பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் இருந்தேனா என்று வரிசையாகக் கேட்டுக்கொள்வோம். கேட்டிருக்க வேண்டிய எதைக் கேட்காமல் விட்டேன் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கடமையில் தவறியதற்கும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று ஒவ்வொரு திருப்பலியிலும் சொல்கிறோம், அதன் பொருளை யோசிக்காமலேயே.

நம் நாட்டையே பாருங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத்தொட்டியில் மனிதர்களை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆள் கூப்பிட்டு வேலை கொடுத்தவர்கள், யார் இறங்கினார் எப்படி இறங்கினார் என்று தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியாதது உண்மையாகவே இருக்கலாம். தெரிந்துகொள்ளும் சிரமம் அவர்களுக்கு வேண்டாம் என்றிருந்தது. நம் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பகுதி இன்னும் இருக்கிறது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்களை மண்ணுக்குள் பிரித்து வைக்கும் அந்த ஏற்பாட்டை நடத்துகிறவர்கள் கொடியவர்கள் அல்லர். செபமாலை தவறாதவர்கள். மனசாட்சி உறுத்தாமல் தூங்குகிறவர்கள். பரம்பரை வழக்கம், பெரியவர்கள் வைத்தது, தனியாக நான் என்ன செய்ய முடியும் என்பார்கள். அந்தத் தூக்கத்தைத் தோமா அக்குவினா மன்னிக்க மாட்டார்.

பங்குத்தந்தையர், மறைக்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர், மேலதிகாரிகள் ஆகியோரை நான் வேண்டிக்கொள்வது இது. இந்த வேலையில் என் மனம் ஒப்பவில்லை என்று ஒருவர் என்றாவது உங்கள் முன்னால் வந்து நிற்பார். கோப்பில் கையெழுத்துப் போட மறுத்த எழுத்தராக இருக்கலாம், கலப்படத்துக்கு உடன்படாத கடைப் பையனாக இருக்கலாம், வரதட்சணை வேண்டாம் என்னும் உங்கள் சொந்த மகனாக இருக்கலாம். அவர் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் உட்காரவைத்து வாதாடுங்கள், உண்மைகளைக் காட்டுங்கள், அவரோடு சேர்ந்து நீங்களும் தேடுங்கள். அது உன் பொறுப்பல்ல என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.